மூடியைக் கவிழ்த்து வைத்த அக்கா

கேஸை அணைத்தேனா என்ற கேள்வி எனக்கு வீட்டில் வருவதே இல்லை. திருக்கழுக்குன்றம் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, செங்கல்பட்டு வண்டி கண்ணில் பட்ட பிறகுதான் வருகிறது. போன மாதம் ஒரு சனிக்கிழமையும் அப்படித்தான். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். கண்டக்டர் "ஏறும்மா, சீக்கிரம்" என்றார். நான் காலை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

வீட்டைத் திறந்து பார்த்தால் அடுப்பு அணைந்திருந்தது. சிலிண்டரும் மூடியிருந்தது. மேடையைத் துடைத்து, துணியைப் பிழிந்து கொடியில் காயப்போட்டிருந்தேன். அதில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. யாரோ வந்து எனக்காகச் செய்துவிட்டுப் போனது போல இருந்தது.

எனக்கு ஐம்பத்தொரு வயது. மகளிடம் சொன்னால், "போன்ல அலாரம் வச்சுக்கோம்மா. நெட்டுல மட்டும் எதுவும் தேடாத, பயந்துடுவ" என்கிறாள். அவள் சொல்வதற்கு முந்தின வாரமே நான் தேடிவிட்டேன். பயந்தும்விட்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. எதையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வது எனக்குச் சின்ன வயசிலிருந்தே உள்ள பழக்கம்.

அன்றைக்கு இரண்டாம் முறை வீட்டைப் பூட்டும்போது, சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டேன். தெருவில் ஒருவரும் இல்லை. பூட்டைப் பார்த்து, "அணைச்சிட்டேன், பூட்டிட்டேன், சனிக்கிழமை" என்றேன். சொன்னதும் சிரிப்பு வந்தது. அது நான் கண்டுபிடித்தது இல்லை. அது யாருடைய பழக்கமோ, அவரைப் பார்க்கத்தான் அன்றைக்குக் கிளம்பியிருந்தேன்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நாவலூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் நான் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். நாங்கள் அக்கா என்று கூப்பிட்டவர் அங்கே தலைமைச் சமையல். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. இரண்டு பேரும் திருக்கழுக்குன்றம் என்பதால் விடிகாலையில் ஒரே வேனில்தான் போவோம். வேன் வந்து அக்கா வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கும். அக்கா கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, அதனிடம் "பூட்டிட்டேன், வியாழக்கிழமை" என்று சொல்வார். எதிர் வீட்டில் ஒரு ரிட்டையர் ஆன தபால்காரர் பல் துலக்கிக்கொண்டு நிற்பார். அவர் வாய் நிறைய நுரையோடு "ம்ம்" என்பார்.

முதல் வாரம் எனக்கு இது என்னவென்று புரியவில்லை. கேட்கவும் கூச்சம். மானாமதி தாண்டும்போது ஒரு நாள் அக்காவே முனகினார்.

"பூட்னனா? இன்னிக்கு வியாழன். வியாழன்னு சொன்னது ஞாபகம் கீது. அப்ப பூட்டிகீறேன்."

அவ்வளவுதான். அதன் பிறகு நாவலூர் வரை நிம்மதியாகத் தூங்கினார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பேசுறது பூட்டுகிட்ட, தூங்குறது நம்மகிட்ட" என்றார்.

அந்த டிரைவருக்கு அக்கா வைத்திருந்த பெயர் பெருங்காயம். அவர் போட்டுக்கொள்ளும் சென்ட் வேனுக்கு முன்னால் வந்துவிடும். அக்காவுக்குப் பெயர்கள் நிற்காது. ஆனால் ஆளைப் பார்த்தால் ஏதாவது ஒரு பண்டம் ஞாபகத்துக்கு வந்துவிடும், அது மாறவே மாறாது. எங்கள் மேனேஜருக்கு ரவா உப்புமா. மதுரைப் பக்கத்துப் பையன், எதையும் பத்து நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும் அவருக்கு. நான் தயிர்சாதம்.

"சத்தமே இல்லாம ஒரு ஓரமா கீற பாரு, அதான்" என்றார். எனக்கு அது வருத்தமாக இல்லை. என் சொந்தப் பெயரைவிட அதுதான் எனக்குப் பொருத்தம் என்று தோன்றியது.

அக்கா எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். "மனசுல வைக்காத, சாமான்ல வை" என்பார். பாலுக்கு உறை ஊற்றினால் பாத்திரத்தின் மேல் ஒரு கரண்டி குறுக்கே படுத்திருக்கும். உளுந்து ஊற வைத்தால் பக்கத்தில் ஒரு வெங்காயம் காவல் இருக்கும். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டால் ஒரு வளையல் இடது கையிலிருந்து வலது கைக்குப் போகும். ராத்திரி படுக்கும்முன் அதைத் திரும்ப இடது கைக்கு மாற்றிவிட்டுத்தான் படுப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றிலும் பெரியது மூடி. நானூறு பேருக்குச் சமைக்கிற இடத்தில் அடுப்பில் நாலு அண்டா கொதிக்கும். சாம்பார், ரசம், குருமா, பொரியல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் உப்பு போட வேண்டியிருக்கும். அக்கா சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டார். முதல் கரண்டி சாமி படத்துக்கு முன்னால் போன பிறகுதான் யாரும் நாக்கில் வைக்கலாம். அதனால் உப்பு போட்டவுடன் அந்த அண்டாவின் மூடியைக் கவிழ்த்து, குமிழ் உள்ளே போகும்படி வைத்துவிடுவார். குமிழ் மேலே தெரிந்தால் உப்பு இல்லை. தெரியவில்லை என்றால் உப்பு உண்டு. சமையலறையில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு நாள் துணிந்து கேட்டேன். "உங்களுக்குத்தான் எல்லாம் நல்லா ஞாபகம் இருக்குதேக்கா. எதுக்கு இவ்ளோ?"

அக்கா அவருடைய பெரியக்காவைப் பற்றிச் சொன்னார். மதுராந்தகத்தில் வாழ்க்கைப்பட்டவர். கடைசி காலத்தில் சொந்த மகனையே "நீ யாரு வூட்டுப் புள்ள, நாஸ்தா துன்னியா?" என்று கேட்டாராம்.

"மொதல்ல ஒண்ணும் பெருசா இல்லடி. ஒரு நாளு கொழம்ப அடி புடிக்க வுட்டுட்டா. மறுவாட்டி பால பொங்க வுட்டா. நல்லதுக்குத்தான் சொன்னாங்க, நீ போயி உக்காருன்னு. கரண்டியதான் மொதல்ல வாங்குனாங்க. உக்காந்ததுக்கு அப்பறம்தான் அவ எல்லாத்தியும் மறந்தா."

சொல்லிவிட்டு இடுப்பில் செருகியிருந்த கரண்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நீளமான எவர்சில்வர் கரண்டி. அதை அவர் வேறு யாரிடமும் தரமாட்டார். அவருக்கு வயசைப் பற்றிப் பயமில்லை, மறப்பதைப் பற்றிக்கூட அவ்வளவு இல்லை. போய் உட்கார் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்பதுதான்.

நான் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். கம்பெனியிலிருந்து நாலு பேர் சமையலறையைப் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். மேனேஜர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தார். "எல்லாம் நேரா இருக்கணும், டப்பா பேரு வெளிய தெரியணும், தலையில தொப்பி இருக்கணும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நான் டப்பாக்களைத் திருப்பி வைத்தேன். துணிகளை மடித்தேன். அடுப்புப் பக்கம் வந்தபோது நாலு மூடியில் மூன்று நேராக இருந்தன, ஒன்று மட்டும் கவிழ்ந்து கிடந்தது. என் கை அதை எடுத்து நேராக வைத்துவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

அக்கா அப்போது பின்பக்கம் அரிசி மூட்டை பிரிக்கப் போயிருந்தார்.

சாப்பாடு லிஃப்டில் மூன்றாவது மாடிக்குப் போனது. பத்து நிமிஷத்தில் மேலே பரிமாறுகிற பெண் போன் பண்ணினாள். "இன்னாக்கா இது, சாம்பார வாயில வைக்க முடியல. வந்த ஆளுங்க தண்ணியா குடிச்சிகினு கீறாங்க."

அக்கா அண்டாவில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார்.

"ரெண்டு தபா போட்டுகீறேன்" என்றார்.

மேனேஜர் கோபப்பட்டிருந்தால் அக்கா சண்டைக்குப் போயிருப்பார். அவர் கோபப்படவில்லை. சாயங்காலம் வந்து, மெதுவாக, "பரவால்லக்கா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். கொஞ்ச நாளைக்கு உக்காந்து காய் பாருங்க. அடுப்ப அண்ணன் பாத்துக்கட்டும்" என்றார். அண்ணன் என்றால் எங்கள் இரண்டாவது சமையல்காரர். மேனேஜரை உப்புமா என்று கூப்பிட்டு, எதற்கெடுத்தாலும் அவரோடு வாதாடுகிற அக்கா, சரி என்று தலையாட்டினார். கரண்டியைக் கழுவித் துடைத்து அந்த அண்ணனிடம் கொடுத்தார்.

எனக்கு அப்போதுதான் கை நினைவுக்கு வந்தது. என் கை. கவிழ்ந்திருந்த மூடி.

சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பத்துப் பேர் நிற்கிற இடத்தில் நான் வாயைத் திறந்ததே கிடையாது. வேலை போய்விடுமோ என்றும் பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் அக்கா என் பக்கத்தில் பலகையும் கத்தியுமாக உட்கார்ந்தார். நாங்கள் பீன்ஸ் நறுக்கினோம். அக்கா அவ்வளவு அழகாக நறுக்குவார், எல்லாத் துண்டும் ஒரே அளவு. ஆனால் நடுவில் நடுவில் நின்றுவிடுவார்.

"நேத்து இன்னா பொரியல்?"

"கோஸுக்கா."

"கோஸு. ஆமா."

பிறகு நாங்கள் வருகிற வழியில் உள்ள ஊர்களைத் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார். "மானாமதி, திருப்போரூரு, கேளம்பாக்கம், சிறுசேரி..." கத்தி நிற்கும். "நடுவுல ஒண்ணு கீது. இன்னா அது?" நான் படூர் என்று சொல்வதற்குள் அவர் கண் கலங்கியிருக்கும். பத்து வருஷமாகத் தூங்கிக்கொண்டே போகிற வழி அது, படூர் அவருக்கு எப்படித் தெரியும் என்று டிரைவராக இருந்தால் கேட்டிருப்பார். நான் பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூட்டிடம் பேசுவதையும் அந்த நாட்களில் விட்டுவிட்டார். காலையில் பேசாமல் வந்து வேனில் ஏறினார். எதிர் வீட்டுத் தபால்காரர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னாம்மா, இன்னிக்கு இன்னா கெழமை?" என்று கேட்டார். அக்கா வேன் கதவை இழுத்துச் சாத்தினார். வழியெல்லாம் தூங்கவும் இல்லை.

நாலாவது நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அக்கா சாதாரணமாகச் சொன்னார். "ஒண்ணாந்தேதியோட நின்னுக்கலாம்னு கீறேன். கருங்குழியில புள்ள கூப்டுகினே கீறான். போயி உக்காந்துக்கறேன்."

உக்காந்துக்கறேன் என்று அவர் வாயாலேயே வந்தது. நான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்று அவர் நினைத்திருக்கலாம்.

"அக்கா, அந்த மூடிய நான்தான் நேராக்குனேன்."

"எந்த மூடி?"

"சாம்பார் மூடி. அன்னிக்கி, ஆளுங்க வந்தாங்களே."

கத்தியைக் கீழே வைத்தார். "கவுந்தா இருந்துச்சு?"

"கவுந்துதான்க்கா இருந்துச்சு."

"நல்லா பாத்தியா?"

"நான்தான எடுத்து வச்சேன். நேரா இருக்கட்டும்னு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அக்கா சுவரைப் பார்த்து, தனக்கே சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"மனசு போட்டாச்சுன்னுதான்டி சொல்லிச்சு. மூடி போடலன்னுச்சு. நான் மூடிய நம்பிட்டேன்."

அதையே வேறு விதமாகவும் சொன்னார். "அப்ப மனசு சொன்னது சரி." இப்போது சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. தோள் குலுங்க, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "படூரு. படூருடி அது" என்றார்.

பிறகு எழுந்தார். "வா."

"எங்கக்கா?"

"உப்புமாகிட்ட. இங்க என் காதுல சொன்னா ஆச்சா? அங்க வந்து சொல்லு."

மேனேஜர் அறைக்குப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். அவ்வளவு தூரம் நான் நடந்ததே இல்லை. அங்கே அண்ணனும் கணக்குப் பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். நான் சொன்னதை முதலில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். மேனேஜர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ஒரு வருஷமாச்சு. உங்களுக்குப் பேச வரும்னே எனக்குத் தெரியாதுக்கா" என்றார்.

அண்ணன் போய்க் கரண்டியை எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்தார். "இத வச்சுகினு நாலு நாளா எனக்கு கை வலி. புடிங்க" என்றார்.

இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று மேனேஜர் ஒரு திட்டம் சொன்னார். சுவரில் தாள் ஒட்டி, உப்பு போட்டதும் டிக் அடிக்க வேண்டும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பறம் பேனா எங்கன்னு தேடிகினு இருக்கணும். பேஜாரு" என்றார். என்னைக் கையால் காட்டினார். "மூடியும் இருக்கட்டும். இவளும் இருக்கட்டும்."

அதன் பிறகு தினமும் நடந்தது இது. அக்கா அண்டாவில் உப்பைப் போட்டு, மூடியைக் கவிழ்த்துவிட்டு, பூட்டிடம் சொல்கிற அதே குரலில் சொல்வார்: "சாம்பாருக்கு உப்பு போட்டேன், திங்கக்கெழமை." நான் சமையலறையின் அந்தக் கோடியிலிருந்து "கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். நடுவில் ராட்சதப் புகைபோக்கி விசிறி ஓடும். முதல் நாள் எனக்குக் குரலே எழும்பவில்லை.

"தயிர்சாதம், காதுல வுழல."

"கேட்டேன்."

"யாருக்குக் கேட்டுச்சு? எனக்குக் கேக்கல."

"கேட்டேன்க்கா" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. ஒரு மாதம் போனதும், லிஃப்ட் ஓட்டை வழியாக என் குரல் தனக்கே கேட்கிறது என்று மூணாவது மாடிப் பெண் சொன்னாள். வீட்டுக்காரர்கூட, "கொஞ்சம் மெதுவா பேசேன், நான் பக்கத்துலதான கீறேன்" என்றார்.

அக்கா இன்னும் மூன்று வருஷம் அடுப்பில் நின்றார். வேலையை விட்டது மறதியால் இல்லை, முழங்காலால். கருங்குழிக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் வேறு கேன்டீனுக்கு மாறினேன். போகப் போகப் பார்க்க முடியவில்லை. போன மாதம் செங்கல்பட்டு மார்க்கெட்டில் அவர் மகன் என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார். "அம்மா ஒருத்தர வரச் சொல்லிகினே கீது. தயிர்சாதம், தயிர்சாதம்னு. துன்ற சாதம்னு நெனச்சு நாங்க பெசஞ்சு குடுத்தா, இது இல்லங்குது. அது நீங்கதானா?"

நான்தான் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை, ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து, செங்கல்பட்டில் மாறி, கருங்குழி போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம். அக்கா மெலிந்திருந்தார். வாசலில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.

"வா. சத்தமே இல்லாம வர்ற பாரு" என்றார்.

மருமகள் நல்ல பெண். ரசம் மட்டும் இன்னும் அத்தைதான் வைப்பாங்க, கரண்டிய எங்ககிட்ட தர மாட்டாங்க என்று சிரித்துக்கொண்டே இலை போட்டாள். அக்காவே எனக்கு ரசம் ஊற்றினார். மிளகு, சீரகம், புளி எல்லாம் பழைய கைப்பக்குவம். உப்பு மட்டும் இல்லை. ஒரு கல்கூட இல்லை.

நிமிர்ந்தேன். மருமகள் அக்காவுக்குப் பின்னால் நின்று, சொல்லாதீங்க என்று கண்ணால் காட்டினாள். அவள் கையில் உப்பு டப்பா இருந்தது, அக்காவுக்குத் தெரியாமல் இலையோரம் வைப்பதற்கு. அந்த வீட்டில் எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை. அன்பால்தான் செய்கிறாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டு நாலு நாள் வாயை மூடியிருந்தவள் நான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, உப்பு இல்ல" என்றேன்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா திரும்பி அடுப்பைப் பார்த்தார். ரசப் பாத்திரத்தின் மூடியில் குமிழ் மேலே தெரிந்தது.

"மூடி நேராதான கீது. அது சரியாத்தான் சொல்லிகீது. நான்தான் பாக்கல" என்றார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை. மருமகளைப் பார்த்து, "ஏம்மா, நீயும் பாக்க மாட்டியா? பாத்தா சொல்லணும்" என்றார். அவள் "சரிங்கத்த" என்றாள்.

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். உப்பு போட்டார். கலக்கினார். மூடியைக் கவிழ்த்தார்.

"ரசத்துக்கு உப்பு போட்டேன், ஞாயித்துக்கெழமை."

"கேட்டேன்" என்றேன். அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். பிறகு சொன்னேன். "ஆனா இன்னிக்கு சனிக்கெழமைக்கா." எனக்கு அதில் சந்தேகமே இல்லை. காலையில் பூட்டிடம் சொல்லியிருந்தேன்.

அக்கா கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு யோசித்தார்.

"சனியா? அப்ப நாளைக்கும் ஒரு தபா வந்து கேட்டுட்டுப் போ" என்றார்.